கடிக்கிற காட்சிக்குப் பனாட்டுப் போதும் | காதல் திகில் குறும்படம் எடுக்கிறவைக்கு

வணக்கம் எல்லாருக்கும். ‘போன்ஸ் அண்ட் ஆல்’ பாத்திட்டு, கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் குறும்படம் எடுக்கிற பிள்ளையள் கேக்கிறது ஒண்டுதான்: அந்தக் கடிக்கிற காட்சியை எப்பிடி எடுக்கிறது? இண்டைக்கு அதைப் பாப்பம்.

படம் பாக்காத ஆக்களுக்கு: 2022 இல வந்தது. லூக்கா குவாதனினோ இயக்கினது, வெனிஸ் விழாவில சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம் எடுத்தது. 1980களில நடக்கிற அமெரிக்கக் கதை. மேரன், லீ எண்டு ரெண்டு இளம் ஆக்கள், மனுச இறைச்சி தின்னாமல் இருக்கேலாத பிறவியள். ஒருத்தரோடயும் ஒட்டேலாமல் ஊர் ஊராத் திரியேக்க காதல் வருது.

அவை கடிக்கேக்க முகத்தில அருவருப்பு இல்லை, பசிதான் இருக்கு. பயமே அதுதான். எங்கட குறும்படங்களில சிவப்புப் பெயின்ற்றைக் கரைச்சு வாயில பூசிவிடுவினம். நடிக்கிற பிள்ளை முகம் சுளிக்கும், காட்சி அதோட சரி. உடம்புக்கும் கூடாது. வாயுக்குள்ள போற சாமான் ருசியா இருக்கவேணும். அந்தப் படத்திலயே இறைச்சிக்குச் செரிப்பழம், கறுப்புச் சொக்லேற், பழத்தில செய்த சுருள் இனிப்புத்தான் பாவிச்சவை.

முதல்ல ரத்தம். சீனி 500 கிராம், தண்ணி 250 மில்லிலீற்றர், நாலைஞ்சு துளி தேசிக்காய்ப் புளி. சீனி கரைஞ்சு ஒரு கொதி வந்த உடன இறக்குங்கோ. கூடக் காய்ச்சினால் ஆறினாப் பிறகு இறுகிப்போகும். புளி விடாட்டி சீனி திரும்பப் பூக்கும். கொக்கோத் தூள் ஒரு மேசைக்கரண்டியைச் சுடுதண்ணியில குழைச்சிட்டுச் சேருங்கோ, நேர போட்டால் கட்டிபடும். பிறகு சாப்பாட்டுக்குப் போடுற சிவப்புக் கலரிங் ரெண்டு தேக்கரண்டி, நீலம் ஒரே ஒரு துளி. கொக்கோ இல்லாட்டி போன் கமராவில சர்பத் மாதிரித்தான் தெரியும். கண்ணை நம்பாதேங்கோ. புறங்கையில பூசி, எடுக்கப்போற வெளிச்சத்திலயே ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.

இறைச்சிக்கு எங்களிட்ட அவையிட்ட இல்லாத ஒரு சாமான் இருக்கு, பனம்பழக் களியைக் காயவைச்சு எடுக்கிற பனாட்டு. விரல் அகலத்துக்குக் கீறி, முதல் செய்த அந்த ரத்தச் சீனிப்பாணியில பத்து நிமிசம் ஊறவிடுங்கோ. நார் இருக்கிறதால பல்லால இழுக்கேக்க தோல் மாதிரியே கிழியும். கனநேரம் ஊறினால் கூழாகி உதட்டில அப்பும். அடியில கேக்குக்குப் போடுற சிவப்புச் செரியை நசிச்சு வையுங்கோ. கையில, கழுத்தில ஒட்டப் பாணியே காணும், பசை வேண்டாம்.

வன்னி வெயிலுக்குப் பாணி கெதியாக் காஞ்சு தோலை இழுக்கும், தண்ணி தெளிச்சுக்கொண்டே இருங்கோ. எறும்பு வரும், சொல்லத் தேவையில்லை. உடுப்பில படப்போற ரத்தத்தை வேற போத்திலில எடுத்துப் பாத்திரம் கழுவுற திரவம் கொஞ்சம் கலவுங்கோ, கறை லேசாப் போகும். அந்தப் போத்திலில பேர் எழுதி ஒட்டுங்கோ, மாறி வாயுக்குப் போகப்படாது.

கமராவில நொடிக்கு 25 பிறேம், ஷட்டர் வேகம் செக்கனில ஐம்பதில ஒண்டு. இஞ்ச கரண்ட் 50 ஹேட்ஸ், மாறி வைச்சால் ரியூப் லைற் துடிக்கும். வைற் பலன்ஸையும் (நிறச் சமநிலை) எக்ஸ்போசரையும் (வெளிச்ச அளவு) பூட்டிவிடுங்கோ. ஓட்டோவில விட்டால் ஷொட்டுக்கு ஷொட்டு ரத்தத்தின்ர நிறம் மாறும். நிலவு எண்டு நீல லைற் அடிச்சால் சிவப்புக் கறுப்பாத்தான் விழும். பக்கத்தில ஒரு மஞ்சள் பல்ப் வையுங்கோ.

நடிப்புக்குச் சொல்ல ஒண்டுதான். முத்தம் குடுக்கப் போறமாதிரியே போகவேணும். கடி எண்டு முதலே தெரிஞ்சால் ஒண்டும் இல்லை. பல் பட்ட உடன வெட்டி, அந்தச் சத்தத்தைக் கேக்கிற ஆளின்ர முகத்துக்குப் போங்கோ. மிச்சத்தைச் சத்தம் பாக்கும்: கரட்டை ஈரத்துணியில சுத்தி மைக்குக்குக் கிட்ட முறியுங்கோ. அதை ஃபானை நிப்பாட்டி, அறைக்குள்ள எடுங்கோ. வெளியில பூச்சிச் சத்தம் விடாது.

அதோட, ரெண்டு பேரும் திரியிறதைக் காட்டக் காட்டுப்பக்கம் போறீங்கள் எண்டால் மிதிவெடிப் பலகை நிக்கிற இடத்துக்கு ஷொட் நல்லா இருக்கெண்டு உள்ளுக்குப் போகாதேங்கோ. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட ஆனை ரோட்டுக்கு வரும். அஞ்சரைக்கெல்லாம் சாமானைக் கட்டுங்கோ.