கப்பலில் 23 இலை

வணக்கம் மக்களே. பின்னால் டொக் டொக்கென்று சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டு முகப்பில் மர வேலை நடக்கிறது. நான் உட்கார்ந்திருப்பது கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு வளவு, முற்றத்தைச் சுற்றிய பகுதி. மதியம் 3 மணிக்கு இந்த ஆத்தங்குடிக் கல்லை விட்டால் குளிர்ச்சியான இடம் ஊரில் கிடையாது. அதனால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன வீடியோவில் கப்பலின் நீச்சல் குளம், பால்கனி அறை, பாட்டுக் கச்சேரி எல்லாம் காட்டினேன். பார்த்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பத்தா என்ன சாப்பிட்டாங்க?" நம் ஊர்க்காரர்கள் வேறு என்ன கேட்பார்கள்! சரி, இன்றைக்கு முழுக்கச் சாப்பாடுதான்.

அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பினோம். திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர். அங்கே 2 நாள். பிறகு 4 இரவுக் கப்பல், பினாங்கு, புக்கெட் போய்விட்டுத் திரும்பச் சிங்கப்பூர். 23 பேர், 9 அறை. அப்பத்தாவுக்கு 83 வயது. தங்கை மகனுக்கு 4. இடையில் சைவம், அசைவம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இறால் ஒத்துக்கொள்ளாதவர், கத்தரிக்காயைக் கண்டாலே முகம் சுளிப்பவர் என்று ஒரு ஊரே இருந்தது.

இதோ, இந்த நீல அட்டை நோட்டைப் பாருங்கள். கல்யாணத்துக்கு அப்பச்சி போட்ட நோட்டு. எந்த வேளைக்கு எத்தனை இலை விழும், யாருக்குத் தனிச் சமையல், பந்தி விசாரிக்க யார் நிற்பது, எல்லாம் இதில் இருக்கிறது. இதன் கடைசி 6 பக்கத்தில்தான் நான் கப்பல் கணக்கை எழுதினேன்.

முதலில் மேசை. பெரிய கப்பல்களில் பிரதான சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, தினமும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர். இன்னொன்று, நினைத்த நேரத்துக்குப் போய் கிடைத்த மேசையில் உட்காருவது. நான்கு பேர் போனால் இரண்டாவது சுகம். 23 பேர் போனால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுங்கள். வாசலில் 23 பேர் வரிசையில் நின்றால் அன்றைக்கு ஆளுக்கொரு மூலைதான்.

பல நிறுவனங்களில் 8 அறை அல்லது 16 பேர் சேர்ந்தால் குழு என்று கணக்கு. ஆனால் குழுவாகப் பதிவு செய்தாலும் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பதிவு எண்தான். சாப்பாட்டுக் கூடத்துக்கு உங்கள் உறவுமுறை தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். நான் 8 அறைக்குச் செய்தேன். ஒன்பதாவது அறை அயித்தை வீட்டுடையது. தள்ளுபடி பார்த்து அவர்களே தனியாகப் பதிவு செய்திருந்தார்கள். வேறு வழியாகப் பதிவு செய்திருந்தாலும் இணைக்க முடியும், எண்ணை வாங்கித் தந்தால் போதும். அதை வாங்க எனக்கு மறந்துவிட்டது. கப்பல் ஏறி அட்டையைப் பார்த்தால் எங்களுக்கு இரவு 8 மணி, அயித்தை வீட்டுக்கு 5.45, அதுவும் கூடத்தின் இன்னொரு கோடியில். அயித்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இதற்கு மருந்து உண்டு. கப்பல் ஏறிய முதல் மதியம் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் சாப்பாட்டுக் கூட வாசலுக்குப் போங்கள். கூடத்தின் தலைவர், மேட்ர டி என்பார்கள், மேசை மாற்றவென்றே அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பார். நம் ஊரில் பந்தி விசாரிக்கிற பெரியவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கோட்டு மட்டும்தான் கூடுதல். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். அயித்தை 8 மணிக்கு வந்துவிட்டார்கள்.

"வயதானவர்களுக்கு 8 மணி தாமதமில்லையா?" என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே 5.45 என்றால் அப்பத்தா வயிற்றுக்கு மணி மூன்றேகால். காப்பி கேட்கிற நேரத்தில் இரவுச் சாப்பாடு எப்படி இறங்கும்? 8 மணி என்றால் நம் ஊரில் ஐந்தரை, பரவாயில்லை. 2 நாள் சிங்கப்பூரில் இருந்ததால் பாதி பழகியும் இருந்தது. பெரியப்பா இன்சுலின் போடுகிறவர். அவருக்கு மட்டும் மாலையில் பஃபேயில் சின்னதாக ஒரு பலகாரம், மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்தது. இன்சுலினை அறையில் உள்ள குட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடாதீர்கள், பல கப்பல்களில் அது சரியாகக் குளிராது. மருந்துக்கு ஃபிரிட்ஜ் வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். போட்டு முடித்த ஊசிகளைப் போடுகிற பெட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

மேசைகள் 8 பேர், 10 பேர் உட்காருவதாகத்தான் இருக்கும், 23 பேருக்கு ஒரே மேசை கனவு. மூன்று மேசை. யார் எங்கே என்பதில்தான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். சைவம் ஒரு மேசை, அசைவம் ஒரு மேசை, பிள்ளைகளும் அவர்களை மேய்ப்பவர்களும் ஒரு மேசை. எங்கள் நகரத்தாரில் கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி, கோயில் வரி முதல் எல்லாம் புள்ளிக் கணக்கு. நான் நண்டு சாப்பிடுகிற சித்தப்பாவையும் சைவம் சாப்பிடுகிற சின்னம்மாவையும் பிரித்து இரண்டு மேசையில் போட்டு, ஒரு புள்ளியை அரைப் புள்ளியாக்கிவிட்டேன். அப்பத்தா ஒரு பார்வை பார்த்தார்கள். மறுநாள் சின்னம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்தார், நண்டு அவர் இருக்கும் இடத்துக்கு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே மேசைக்காக மல்லுக்கட்டுவதைவிட, மூன்று மேசையும் ஒரே பரிமாறுபவரின் பொறுப்பில் வரும்படி கேளுங்கள். நான் படித்த பாடம் இதுதான். நீங்கள் எழுதிக் கொடுத்த படிவம் கம்ப்யூட்டரில் இருக்கும். ஆனால் தட்டை வைக்கிற நேரத்தில் அது அந்தப் பரிமாறுபவர் தலைக்குள் இருக்க வேண்டும். மூன்று பேர் பரிமாறினால் மூன்று தலைக்கும் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருகிறேன். உணவுத் தேவை படிவத்தைக் கப்பல் கிளம்புவதற்கு 30 நாள், 45 நாள் முன்பே கேட்பார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் இரண்டு மாதம் முன்பே, எங்களில் சைவம் சாப்பிடுகிற 9 பேருக்கும் "சைவம்" என்று குறித்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

முதல் இரவு. அப்பத்தாவுக்குத் தனித் தட்டு வந்தது, சோறு, பருப்பு, பனீர். எல்லாம் சரி. மேசை நடுவில் பொதுவாக ஒரு தட்டு வைத்தார்கள். பச்சைப்பசேலென்று கீரைத்தண்டு, மேலே பழுப்பாகப் பளபளவென்று ஏதோ ஊற்றியிருந்தது. கீரைதானே என்று அண்ணமிண்டி, அண்ணன் மனைவி, அப்பத்தா தட்டில் இரண்டு தண்டு வைத்தார். அப்பத்தா கரண்டியைத் தூக்கி மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். "ஏண்டி, இதுல கருவாட்டு வாசம் வருது?" ஓடிப்போய்க் கேட்டால், அது சிப்பி சாஸ். 83 வயது மூக்கு காப்பாற்றியது.

யார் தப்பு? படிவம் அப்பத்தாவின் தட்டை மட்டும்தான் காப்பாற்றும், பொதுத் தட்டை அல்ல. அது போக, "சைவம்" என்ற ஒரு சொல்லை ஒவ்வொரு சமையலறையும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறது. மேல்நாட்டுக் கணக்கில் முட்டை சைவத்தில் சேர்த்தி. காய்கறி சூப்பின் அடியில் கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். தாய்லாந்துக் குழம்பில் மீன் சாஸ், குலுங்குகிற இனிப்பில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கிற ஜெலட்டின். விமானத்திலாவது ஏவிஎம்எல் என்று ஒரு குறியீடு போட்டால் நம் ஊர்ச் சைவம் வந்துவிடும். கப்பலில் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அன்றிரவே அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஓர் அட்டை எழுதினேன். இதுதான், ஓரம் நைந்துவிட்டது. இதில் உள்ளதைத் தமிழில் சொல்கிறேன், உங்கள் அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்: "இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டோம். அவற்றை வேகவைத்த நீர், மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, ஜெலட்டின் கூடாது. பால், தயிர், வெண்ணெய், நெய் சாப்பிடுவோம். தயிர் இனிப்பு சேர்க்காததாக இருக்க வேண்டும்." பால், தயிர் வரியை விட்டுவிடாதீர்கள். விட்டால் அதையும் தொடாதவர்கள் என்று நினைத்துத் தயிரை நிறுத்திவிடுவார்கள். தயிர் இல்லாமல் அப்பத்தாவை இரண்டாம் நாள் எப்படிச் சமாளிப்பது? இனிப்பு வரியைப் பிறகு ஏன் சேர்த்தேன் என்றால், மறுநாள் காலையில் தயிர் என்று கொடுத்தது ஸ்டிராபெர்ரி போட்டது. அதைச் சோற்றில் பிசைந்த பிறகுதான் தெரிந்தது.

அலர்ஜி வேறு, பிடிக்காதது வேறு. அண்ணமிண்டிக்கு இறால் பட்டால் உதடு வீங்கும். அதைச் சொன்னதும் தலைமைப் பரிமாறுபவரே வந்து கேட்டுக் குறித்துக்கொண்டார், அவருக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் சமைத்தார்கள். இதைப் பார்த்த சித்தப்பா மரியாதை கூடும் என்று நினைத்தோ என்னவோ, தனக்குக் கத்தரிக்காய் அலர்ஜி என்று சொல்லிவிட்டார். அவருடைய ஒவ்வொரு தட்டும் சமையலறையில் விசாரணை முடிந்து, மற்றவர்கள் பாதி சாப்பிட்ட பிறகுதான் வந்தது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள்.

பெரியப்பாவுக்கு உப்புக் குறைவு. சூப்பும் குழம்பும் பெரிய அண்டாவில் மதியமே தயாராகிவிடும், மேசையில் வைத்து உப்பை எடுக்க முடியாது. அதனால் இரவுச் சாப்பாடு முடியும்போது நாளைய மெனுவைக் கேட்டு வாங்கி, இன்றைக்கே குறித்துக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பரிமாறுபவர் இந்தோனேசியப் பையன். தினமும் மெனுவை அப்பத்தாவிடம் நீட்டுவான். அப்பத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது, நான் நடுவில். மூன்றாம் நாள் அப்பத்தா சொன்னார்கள்: "பனீர் போதும்னு சொல்லுடி. வெறும் வெண்டைக்காய் கிடைக்குமா கேளு." மறுநாள் வெண்டைக்காய் வதக்கி வந்தது, மிளகுத்தூள் மட்டும் தூவி. கப்பலில் இந்தியச் சமையல்காரர் ஒருவர் இருந்தாராம், முந்தின நாளே சொன்னதால் முடிந்தது. அப்பத்தா முழுவதும் சாப்பிட்டார்கள். அரிசி கழுவிய நீரில் புளி விட்டு மண்டி வைத்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்றார்கள், அது வேறு விஷயம்.

பஃபேயை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் கொடுத்த படிவம் அங்கே உங்களைப் பின்தொடர்ந்து வராது. மீன் கரண்டி பருப்புக்குள் போகும், பருப்புக் கரண்டி மீனுக்குள் போகும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அலர்ஜிக்காரர்கள் அங்கே நிற்கும் ஊழியரிடம் கேட்டு உள்ளேயிருந்து புதிதாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். தனிக் கட்டண உணவகங்களிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஊரிலிருந்து எடுத்துப் போவது பற்றி. வீட்டில் சமைத்ததைப் பொதுவாகக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், கடையில் வாங்கிப் பிரிக்காத பொட்டலம் என்றால் விடுவார்கள். ஆனால் சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: கசகசா. அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், போதைப் பொருள் தடுப்புத் துறை பார்க்கிற விஷயம். நம் வீட்டில் அது குருமாவுக்குள் போகிற சாதாரணச் சாமான். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஆத்தா, எங்கள் அம்மா, பெட்டியில் குருமாப் பொடி டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார்கள். "இதுல கசகசா அரைச்சிருக்கீகளா?" என்று கேட்டேன். "போடாம எப்படி?" அரைத்த பொடியிலிருந்து கசகசாவை எப்படிப் பிரிப்பது? டப்பா திரும்ப அடுப்படிக்குப் போனது.

பினாங்கில் இறங்கி நம்மவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனோம். சிங்கப்பூரில் 1859-இல் கட்டிய டேங்க் சாலைக் கோயிலுக்கு ஏற்கெனவே போயிருந்தோம். படியில் உட்கார்ந்து அப்பத்தா தன் அப்பச்சி கதையைச் சொன்னார்கள். ரஜூலா கப்பலில் இந்தக் கரைக்குக் கடைக்கு வந்தவர். 1926-இல் கட்டிய கப்பல் அது, சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை பல வருஷம் ஓடியது. அவர் ஊறுகாய் ஜாடியும் பொரித்த பலகாரமும் கட்டிக்கொண்டு ஏறினாராம். இறங்கினால் கிட்டங்கியில், அதாவது நம்மவர்கள் கடை வைத்துத் தங்கியிருந்த கட்டடத்தில், நம் ஊர்ச் சமையற்காரர் இருப்பார், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். "அப்ப படிவமெல்லாம் ஏது?" என்று சிரித்தார்கள். நாங்கள் பினாங்கில் இறங்கிய அன்றைக்குச் சஷ்டி, அப்பத்தாவுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. கப்பலில் பாலும் பழமும் கொண்டுவரச் சொல்லி முந்தின இரவே சொல்லியிருந்தேன். அதை அந்தப் பையன் மறக்கவில்லை.

கடைசியாக சித்தப்பா கெட்டில். கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதுவும் கப்பலுக்குள் கூடாது, தீப்பிடிக்கும் என்று. எவ்வளவு சொல்லியும் கேட்காமல் துணிக்கு நடுவில் சுருட்டி வைத்துவிட்டார். எக்ஸ்ரேயில் மாட்டியது. பிடுங்கி வைத்துக்கொண்டு, இறங்குகிற நாள் வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். இறங்குகிற நாள் 23 பேரை எண்ணுவதிலேயே நேரம் போய்விட்டது. திருச்சியில் காரில் ஏறிய பிறகு சட்டைப் பையில் கையை விட்டார், சீட்டு அப்படியே இருந்தது.