தேவாங்குக்குச் சாலை எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். ஓர் உயிரினம் எங்கே வாழும், எங்கே வாழாது என்பதைக் கணினியைக் கொண்டு கணிக்கும் துறையில் நெடுங்காலம் உழன்றவன் நான். வரைபடத்தை வானொலியில் காட்ட இயலாது. ஆகையால் தேவாங்கின் கதையைச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லைத் தாண்டி, அய்யலூர்ப் பக்கம் இரவுகளில் நெற்றி விளக்குடன் தேவாங்குகளைக் கணக்கெடுத்திருக்கிறேன். ஒளி பட்டவுடன் அவற்றின் கண்கள் வேலங்கிளையில் இரண்டு தணல்களாக மின்னும். (பக்கிக் குருவியின் கண்ணும் அப்படியே மின்னும், முதல் இரவில் அதையும் கணக்கில் சேர்த்துவிட்டேன்.) கண்ட இடங்களை மழையளவு, வெப்பம், சாலையிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றோடு கணினிக்குக் கொடுத்தபோது, தேவாங்குக்கு முதன்மையான தேவை சாலைதான் என்று விடை வந்தது! பிழை கணினியினுடையதன்று. நான் ஜீப்பில் சாலை வழியே சென்றேன். புள்ளிகளும் சாலையோரத்திலேயே விழுந்தன. அவை தேவாங்கு திரிந்த இடங்களா, நான் திரிந்த இடங்களா? மறுபடியும் சொல்கிறேன்: காணவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. 2006-இல் அறிமுகமாகிப் பெரிதும் பரவிய மேக்சென்ட் என்னும் கணினிக் கணிப்பு முறை, கண்ட இடங்களைச் சுற்றுப்புறத்தின் பிற இடங்களோடு ஒப்பிடுகிறது; அந்தப் பிற இடங்களையும் நான் சென்ற சாலையோரங்களிலிருந்தே எடுத்தால், சாலையின் மயக்கம் இரு தட்டிலும் சமமாகிவிடும்.

அவ்வாறே செய்தேன், சாலை விலகியது, புதிர் விலகவில்லை. ஒரே மழையும் ஒரே வெயிலும் பெறும் அடுத்தடுத்த இரு தோட்டங்களில் ஒன்றில் தேவாங்கு உண்டு, மற்றதில் இல்லை. விடை வேலியில் இருந்தது. தேவாங்கு குரங்கைப் போலத் தாவாது. அடுத்த கிளையைப் பற்றிய பின்பே இருந்த கிளையை விடும். கிளுவையும் கள்ளியும் பின்னிய பழைய உயிர்வேலி அதற்கு வழியும் ஆயிற்று, பூச்சி கிடைக்கும் பந்தியும் ஆயிற்று. அதை வெட்டிக் கம்பி வேலி போட்டால் தேவாங்கு தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். அங்கே நாயும் லாரியும் உண்டு. நான் பயன்படுத்திய தட்பவெப்பத் தரவு நிலத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறது; ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். அதில் வேலி எப்படித் தென்படும்? 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நான் சொல்லும் வேலிகள் பட்டா நிலத்தில் உள்ளவை.

நேரம் குறுகிவிட்டது. இன்னொன்று மட்டும்: மதுரைக்கு அருகே உள்ள நம் அரிட்டாபட்டியின் ஷாஹீன் வல்லூறு என்னும் வேட்டைப் பறவை கூடு கட்டுவதில்லை, பாறை விளிம்பில் முட்டையிடுகிறது. பாறையை உடைத்தபின்னும் மழையை மட்டும் பார்க்கும் கணிப்பு அந்த இடத்தை வல்லூறின் வாழிடம் என்றே காட்டும். சீமைக்கருவேலத்தைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.