சட்டியில் இருக்கிறது, அகப்பைதான் ஆழம் போகவில்லை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் கருவிப் பிரியர்களே, என் அணித் தோழர்களே, மடியில் கேமரா பையை வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரின் படத்தை உயர்த்துவது கருவியா, எடிட்டிங்கா?" என்பது தலைப்பு. எடிட்டிங்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணன் உருக்கமாக ஒரு கதை சொன்னார். ஜன்னலை ஒட்டி நின்று சிரித்த பேத்தியைப் படம் எடுத்தாராம். ஜன்னலுக்கு வெளியே இருந்த மரம் இலை இலையாகத் தெரிந்ததாம். குழந்தையின் முகம் மட்டும் கரியாக வந்ததாம். அந்த வாரமே புது கேமரா வாங்கிவிட்டாராம். அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். தட்டும்போதே மனதுக்குள் ஒரு கேள்வி. அந்தக் கோப்பை அவர் கணினியில் திறந்து பார்த்தாரா? அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இதை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்கிறேன்.

கதை முடிந்ததும் பழமொழி ஒன்றும் போட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்றார். நல்ல பழமொழி, எங்கள் அணிக்கு! லென்ஸும் சென்சாரும் சட்டி, எடிட்டிங் அகப்பை. சரி, சட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இன்று ஆர்வலர்கள் கையில் இருக்கும் பல கேமராக்கள், சென்சார் பிடித்ததை ஏறக்குறையச் சமைக்காமல் வைக்கும் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 14 பிட்டில் எழுதுகின்றன. கும்மிருட்டுக்கும் முழு வெள்ளைக்கும் நடுவே 16,384 படிகள். 12 பிட்டில் எழுதும் கேமரா என்றாலும் 4,096 படிகள் உண்டு. அதே கேமரா அதையே ஜேபெக்காக மாற்றித் தரும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், வெறும் 256 படிகள். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது, ஜேபெக்கின் படிகள் கண்ணுக்கு ஏற்றபடி இருட்டுப் பக்கம் நெருக்கி அடுக்கப்பட்டவை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், அந்தத் தள்ளுபடியைக் கொடுத்துவிடுகிறேன். கொடுத்த பிறகும், கருத்துப்போன ஒரு பகுதியை ரா கோப்பில் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தூக்கிப் பாருங்கள், பிறகு ஜேபெக்கில் தூக்கிப் பாருங்கள். ரா கோப்பில் துணியின் நெசவு வரும், தலைமுடி வரும். ஜேபெக்கில் சேறு வரும். சட்டி நிறைய இருக்கிறது ஐயா. மேலாக இருப்பதை வழித்து ஊற்றிவிட்டு, சட்டி சிறிது என்று புதுச் சட்டி வாங்கப் போகிறோம்.

எதிரணித் தோழி இன்னொன்று சொன்னார். "நான் எடிட்டே செய்வதில்லை, கேமராவில் வந்தது வந்தபடி வைப்பேன், அதுதான் நேர்மை" என்றார். அம்மா, உங்கள் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் கேமராவில் எதுவும் வந்தது வந்தபடி வருவதில்லை. பெரும்பாலான சென்சார்களின் மேல் ஒரு நிறக் கட்டம் இருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். 24 மெகாபிக்சல் சென்சார் என்றால் 12 மில்லியன் புள்ளிகள் பச்சையை மட்டும், 6 மில்லியன் சிவப்பை மட்டும், மீதி 6 மில்லியன் நீலத்தை மட்டும். பச்சையைப் பார்த்த புள்ளிக்குத் தன் இடத்தில் சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று தெரியாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளிடம் கேட்டுக் கணக்குப் போட்டுத்தான் நிரப்புகிறார்கள். உங்கள் படத்தில் உள்ள நிற மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அப்படிக் கணக்கில் வந்தவை. அதற்கு மேல் கேமரா வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வைட் பேலன்ஸ் போடுகிறது, கான்ட்ராஸ்ட் ஏற்றுகிறது, கூர்மை கூட்டுகிறது, இரைச்சல் என்கிற புள்ளிப் புள்ளித் தூசியைத் தேய்க்கிறது. நீங்கள் எடிட் செய்யாத படத்தை, உங்கள் பேத்தியையும் ஜன்னலையும் ஒருநாளும் பார்த்திராத ஒரு பொறியாளர் என்றைக்கோ எடிட் செய்து முடித்துவிட்டார். பேத்தி அண்ணனுடையது, மன்னிக்கவும். வேகத்தில் குடும்பங்களைக் கலந்துவிட்டேன்.

அடுத்து மேதைகளைக் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் ஒரு சிறிய கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் வைத்துக்கொண்டே உலகத்தை எடுத்தார், ஃபிலிம் கழுவிப் பிரதி எடுக்கும் இருட்டறைப் பக்கம் போகவில்லை, படத்தை வெட்டவும் மாட்டார் என்றார்கள். சின்னக் கேமராவும் ஒரே லென்ஸும் போதும் என்பது கருவி அணிக்கு எப்படி உதவும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது இருக்கட்டும். பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்னால் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டுகிறாரே, 1932இல் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம், அது வெட்டப்பட்ட படம். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தை மறைத்த பகுதியை நீக்க வேண்டியிருந்தது. இருட்டறைக்கு அவர் போகவில்லை என்பதும் சரிதான். அவருக்காக வேறு ஆட்கள் போனார்கள்.

நானும் ஒரு மேதையைக் கூப்பிடுகிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், 1941. நியூ மெக்சிகோவில் காரில் போகும்போது, ஒரு சிற்றூரின் கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில் பட்டுக்கொண்டிருக்கிறது, மேலே நிலா. வண்டியை நிறுத்திப் பெரிய கேமராவை அவசரமாக நிறுத்துகிறார். ஒளிமானி கையில் அகப்படவில்லை. நிலாவின் வெளிச்ச அளவு நினைவில் இருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரே ஒரு நெகட்டிவ் எடுக்கிறார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளில் இருந்து வெயில் போய்விட்டது.

இதுவரை கதை எதிரணிக்குத்தான் சாதகம், ஒப்புக்கொள்கிறேன். இதற்குப் பிறகுதான் எங்கள் அணி மைதானத்தில் இறங்குகிறது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து அவர் பல பத்தாண்டுகள் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார். ஆரம்பகாலப் பிரதிகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். காலம் போகப் போக வானத்தை இருட்டாக்கிக்கொண்டே போனார். பிற்காலப் பிரதிகளில் அது ஏறக்குறைய முழுக் கறுப்பு. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே வேதிப்பொருளால் அழுத்தமாக்கினார். நெகட்டிவ் ஒன்று, லென்ஸ் ஒன்று, எடுத்தது ஒரே விநாடி. நாம் இன்று வியந்து பார்க்கிற அந்த இருட்டு வானம் இருட்டறையில் வந்தது. ஃபோட்டோஷாப்பில் வெளுக்க டாட்ஜ், கறுக்க பர்ன் என்று இரண்டு கருவிகளின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று குச்சியில் ஒட்டிய வட்ட அட்டை, மற்றொன்று குவித்த கை. இரண்டும் இருட்டறையில் வெளிச்சத்தை மறைக்கவும் விடவும் உண்மையாகவே பயன்பட்டவை. எடிட்டிங் நேற்று வந்த ஏமாற்று வேலை என்பவர்கள் அந்தச் சின்னங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

இப்போது என் சொந்தக் கதை. எனக்குத் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி சூம் லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும் என்று இரண்டு வருடம் ஆசை. 70-200 மி.மீ., பெரியது, கனமானது, தோளில் மாட்டினாலே பார்ப்பவர்கள் வழிவிடுவார்கள். அது இல்லாததால்தான் என் படங்கள் சுமாராக இருக்கின்றன என்று மனதார நம்பினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். நண்பர் ஒருவர், வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய் என்றார். போன வருடம் எடுத்ததில் உனக்கே பிடித்தவற்றை மட்டும் பொறுக்கி எடு, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீட்டரில் எடுத்தது என்று பார் என்றார். கோப்பிலேயே எழுதியிருக்கும், எடிட்டிங் மென்பொருளில் வடிகட்டிப் பார்த்துவிடலாம்.

பொறுக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதை அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரே காட்சியை நாற்பது முறை எடுத்திருக்கிறேன், ஒருமுறை கூட முட்டி போடவில்லை. எல்லாம் என் கண் உயரத்தில். பின்னணியில் கம்பம் தலையில் முளைத்திருக்கிறது, எடுக்கும்போது கண்ணில் படவே இல்லை. கடைசியில் தேறியவற்றைப் பார்த்தால், பெரும்பாலானவை 24க்கும் 35க்கும் நடுவே, அதாவது தூரத்தை இழுக்காமல் அகலமாக எடுத்தவை. டெலிக்கான ஆசை முழுவதும் அடுத்தவர் படங்களைப் பார்த்து வந்தது. எனக்கு ஆட்களின் பக்கத்தில் போய் எடுப்பதுதான் வருகிறது. டெலி வாங்கவில்லை. சிறிய 35 மி.மீ. எஃப் 1.8 ஒன்று வாங்கினேன். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் அந்த இடத்தில் எஃப் 4 அல்லது அதைவிடப் பெரிய எண்ணில்தான் திறக்கும், எண் பெரிதானால் வாய் சிறிது. இது அதைவிட நான்கு மடங்குக்கு மேல் வெளிச்சம் விடும். பார்த்தீர்களா, நானும் கருவி வாங்கியவன்தான். ஆனால் எதை வாங்குவது என்று எனக்குச் சொன்னது எடிட்டிங் மேசை. எங்கள் அணியின் வாதத்தை ஒரே வரியில் கேட்டால் இதுதான் அது.

மெகாபிக்சல் பற்றி ஒரு நிமிடம் போதும். 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளி. 4கே திரை 3840க்கு 2160, அதாவது சுமார் 8.3 மில்லியன். வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கை அந்தத் திரையே கீழே தள்ளிவிட்டுத்தான் காட்டுகிறது. 45 மெகாபிக்சலுக்குப் போனால் இரட்டிப்பு என்று தோன்றும். நீளவாக்கில் பார்த்தால் 6000 என்பது 8200 சொச்சம் ஆகிறது, அவ்வளவுதான். சுவர் அளவுக்கு அச்சிடுகிறவர்களும், படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுக்கிறவர்களும் தாராளமாக வாங்கட்டும்.

முன் வரிசையில் பறவைக்காரர்கள் சிலர் முறைக்கிறீர்கள். உங்களிடம் நான் தோற்றுவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். தூரத்துக் கிளையில் இருக்கும் மீன்கொத்தியை எடிட்டிங் மென்பொருளின் எந்த ஸ்லைடரும் பக்கத்தில் கூட்டி வராது. தவறிய ஃபோகஸ் தவறியதுதான். ஷட்டர் மெதுவாகப் போய்க் கலங்கிய சிறகு கலங்கியதுதான். முழுக்க வெளுத்துப்போன மேகத்தில் தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை, அங்கே சட்டி உண்மையிலேயே காலி. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் படம் தெளிவில்லாமல் போனது ஃபோகஸாலா, ஷட்டராலா, கை நடுக்கத்தாலா, வெயில் நேரத்துக் காற்றின் அலையாலா? நூறு சதவீத அளவில் திறந்து பார்க்காமல் எப்படித் தெரியும்? நான்குக்கும் மருந்து வேறு வேறு. நான்காவதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை, விடியற்காலையில் எழுந்து போவதுதான்.

எடிட்டிங் என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளையும் எதிரணி பட்டியல் போட்டது. பாதிக்கு நானே குற்றவாளி. ஒரு காலத்தில் என் வானமெல்லாம் ஊதா, மரங்களைச் சுற்றி ஒளிவட்டம். யாரோ விற்ற பிரீசெட் என்ற ஆயத்த எடிட் ஒன்றை மழைக்கால மாலைக்கும் கோடை மதியத்துக்கும் ஒன்றுபோலப் போட்டேன். திரையின் பிரகாசத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு எடிட் செய்து, அச்சில் படம் இருட்டாக வந்ததும் அச்சுக்காரரோடு சண்டைக்குப் போனேன். பாவம் அவர். திரையின் வெளிச்சத்தைக் குறைத்ததும் அச்சு சரியாகிவிட்டது.

பொய் சொல்வது வேறு விஷயம். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில், படம் நெடுக்காக வர வேண்டும் என்பதற்காகக் கீசா பிரமிடுகளையே கணினியில் நெருக்கி வைத்தார்கள். பெரிய விவாதமே நடந்தது. இல்லாததைச் சேர்ப்பதையும் இருப்பதை நகர்த்துவதையும் நாங்கள் ஆதரித்துப் பேச வரவில்லை. வெளிச்சத்தையும் நிறத்தையும் சீராக்குவதற்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. உலகப் பத்திரிகைப் படப் போட்டியிலேயே கடைசிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எடிட் செய்யவே கூடாது என்றால் ஒப்பிடுவதற்கு அங்கே என்ன வேலை?

நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். இதோ முடித்துக்கொள்கிறேன்.

ஓரமாக வைத்த அந்தக் கேள்வி. அண்ணன் சொன்ன அடையாளத்தைக் கவனியுங்கள். ஜன்னலுக்கு வெளியே மரம் இலை இலையாகத் தெரிந்தது என்றார். அப்படியானால் வெளிச்சப் பக்கம் வெளுத்துப்போகவில்லை, கேமரா ஜன்னலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. குழந்தையின் முகம் இருட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இருட்டுப் பகுதியை வெளுக்கும் ஷேடோ ஸ்லைடரைத் தூக்க வேண்டும், திருத்தம் முகத்தில் மட்டும் படும்படி ஒரு மாஸ்க் போட வேண்டும், கொஞ்சம் இரைச்சல் வரும், அதைத் தேய்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. காசு கொடுக்காமல் கிடைக்கும் டார்க்டேபிள் என்ற மென்பொருளிலேயே செய்துவிடலாம்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் எப்படிச் சொன்னாலும் சரி. அண்ணன் அந்தப் படத்தை ராவில் எடுத்தாரா, அந்தப் பழைய மெமரி கார்டை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். மடிக்கணினியைக் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் இருப்பேன்.