அம்மாவுக்கு ஸ்பானிஷ், மகனுக்கு ஆங்கிலம்: நடுவில் ஒரு தெரபிஸ்ட்

[திரையில்: சின்ன அறை. மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி.]

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு மனநல மையம் என்று வைத்துக்கொள்வோம். மெக்சிகோவிலிருந்து வந்த ஓர் அம்மா, 13 வயது மகன், எதிரே ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒரு தெரபிஸ்ட். பையன் அடிக்கடி சண்டை போடுகிறான் என்று பள்ளிக்கூடம் அனுப்பி வைத்திருக்கிறது. "வீட்டில் எப்படி?" என்று தெரபிஸ்ட் கேட்கிறார். அம்மா ஸ்பானிஷில் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறார். ஓர் இடத்தில் குரல் உடைகிறது. பையன் தரையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் சொல்வது ஒரே வரி: "நான் சொன்ன பேச்சு கேட்கிறதில்லையாம்."

அம்மா சொன்னது வேறு. அவன் அப்பா வீட்டை விட்டுப் போய் ஆறு மாதம். ராத்திரி தூக்கம் இல்லை. அழுகிற சத்தத்தில் பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார்.

பையனைக் குறை சொல்ல முடியாது. தன் அம்மா அழுவதை, முன்பின் தெரியாத ஒருவரிடம் எந்தப் பிள்ளைதான் மொழிபெயர்த்துச் சொல்லும்? அதுவும் புகார் அவனைப் பற்றியே இருக்கும்போது.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் புலம்பெயர்ந்த வீடுகளில் வங்கி, ஆஸ்பத்திரி, வீட்டு ஓனர் என்று எல்லா இடத்திலும் பெரியவர்களுக்காகப் பேசுவது பிள்ளைதான். அமெரிக்க அரசின் நிதி பெறும் மருத்துவ இடங்களில், அவசர நிலை தவிர, சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016-ல் விதியே வந்தது.

[திரையில்: அதே அறை. தெரபிஸ்ட் மட்டும் வேறு.]

சரி, இப்போது எதிரே இருப்பவருக்கு இரண்டு மொழியும் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்து 'ஊஸ்தெத்' என்று பேச்சைத் தொடங்குகிறார். ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'ஊஸ்தெத்' என்றால் நீங்கள். தமிழ் பேசுகிற நமக்கு இதன் எடையை விளக்க வேண்டியதில்லை. மகனுக்கு முன்னால் அம்மாவை 'நீங்கள்' என்று அழைப்பதே பாதி வேலை. அப்புறம் பையன் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில்: "இன்னைக்கு உனக்கு மொழிபெயர்ப்பு வேலை இல்லை."

இதை வெறும் கரிசனம் என்று நினைக்காதீர்கள். சிகிச்சை அங்கேயே தொடங்கிவிட்டது. குடும்ப தெரபியின் முன்னோடிகளில் ஒருவர் சால்வடோர் மினுச்சின். 1921-ல் அர்ஜென்டினாவில் பிறந்தவர். 1965-ல் ஃபிலடெல்ஃபியாவில் குழந்தைகளுக்கான ஒரு மனநல மையத்தின் இயக்குநரானார். பெற்றோர் ஒரு படி மேலே, பிள்ளைகள் ஒரு படி கீழே. அந்தப் படிகள் குழம்பும்போது குடும்பம் தடுமாறும் என்பது அவர் பார்வை. செஷன் நடுவிலேயே ஆட்களை எழுப்பி இடம் மாற்றி உட்கார வைப்பார். நம் பையனைப் பாருங்கள். எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று முடிவெடுப்பது அவன். அம்மாவின் வார்த்தைக்கே அவன்தான் காவல்காரன். 13 வயதில் மேல்படியில் ஏறி நிற்கிறான், இறங்க வழி தெரியவில்லை.

மயாமியில் 1970-களில் ஹோசே சபோச்னிக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் கியூபாவிலிருந்து வந்த குடும்பங்களிடம் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகள் அமெரிக்க வழக்கத்துக்கு வேகமாக மாறிவிடுகிறார்கள், பெற்றோர் மெதுவாக. வயது இடைவெளி போதாது என்று பண்பாட்டு இடைவெளியும் சேர்ந்துகொள்கிறது. அவர்கள் உருவாக்கிய குறுகிய கால குடும்ப சிகிச்சை முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் இரண்டு மொழி தெரிந்துவிட்டால் எல்லாம் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பையனிடம் இருப்பது சமையலறை ஸ்பானிஷ். 'பசிக்குது', 'வரேன்மா', 'எனக்குத் தெரியாது' வரை வரும். 'அப்பா போனதுக்கு நான்தான் காரணமோ' என்பது வராது. அதைச் சொல்ல ஆங்கிலத்துக்குத்தான் போவான். சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்பது படுக்கையறைக் கதவு மாதிரி. அம்மா உள்ளே வராமல் சாத்திக்கொள்ளலாம். தெரபிஸ்ட் அவனோடு ஆங்கிலத்தில் பேசப் பேச, அம்மா தன் பிள்ளையின் செஷனிலேயே வெளியாள் ஆகிவிடுகிறார். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "இதை உங்க அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்று அவனையே கேட்பார்கள். ஒரு மணி நேர செஷனில் பாதி இதிலேயே போகும்.

[திரையில்: மூன்று சொற்கள். பெனா. கொராஹே. நெர்வியோஸ்.]

இனி வார்த்தைகள். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

'பெனா' என்றால் சில நாடுகளில் துக்கம். மெக்சிகோக்காரர் "மே தா பெனா" என்றால் பெரும்பாலும் 'கூச்சமாக இருக்கிறது'. 'கொராஹே' ஆங்கிலத்தில் தைரியத்தைக் குறிக்கும் சொல்லைப் போலவே இருக்கும். ஸ்பெயினில் அந்தப் பொருளும் உண்டு. மெக்சிகோ வீட்டில் அது கோபம். தெரபிஸ்ட் போர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்தவர், எதிரே இருப்பது குவாதமாலாக் குடும்பம் என்றால், இருவரும் பேசுவது ஸ்பானிஷ்தான் என்றாலும் ஒவ்வொரு சொல்லையும் "அப்படின்னா உங்க ஊர்ல என்ன?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். குவாதமாலாவிலிருந்து வந்த பலருக்குத் தாய்மொழி மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள். அவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி.

'நெர்வியோஸ்' என்பதை 'நரம்புகள்' என்று மொழிபெயர்த்தால் சொல் சரி, பொருள் போச்சு. தலைவலி, கை நடுக்கம், தூக்கமின்மை, சட்டென்று வரும் அழுகை, எல்லாம் அதில் அடங்கும். 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, பண்பாடு சார்ந்த மன வேதனைகள் என்று ஒன்பதைப் பட்டியலிட்டது. அதில் மூன்று ஸ்பானிஷ் பேசும் மக்களுடையவை: நெர்வியோஸ், அந்த நெர்வியோஸ் வெடித்துக் கத்தலும் நடுக்கமுமாக வரும் 'அதாகே தே நெர்வியோஸ்', பயத்தில் உயிர் உடம்பை விட்டுப் போனதாகச் சொல்லும் 'சுஸ்தோ'.

எந்த மொழியில் கேட்கிறோம் என்பதே நோயின் கணக்கை மாற்றும். 1973-ல் லூயிஸ் மார்கோஸும் சக மருத்துவர்களும், ஸ்பானிஷ் பேசும் மனச்சிதைவு நோயாளிகளை இரு மொழியிலும் பேட்டி கண்டு ஒப்பிட்டார்கள். ஆங்கிலப் பேட்டியில் அவர்கள் அதிக நோயுள்ளவர்களாகத் தெரிந்தார்கள். சொல் தேடும் தயக்கமும் மெதுவான பேச்சும் அறிகுறிகளாகப் பார்க்கப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், 1970-ல் வந்த ஒரு கட்டுரை நேர் எதிராகச் சொன்னது: தாய்மொழியில்தான் நோய் முழுதாக வெளிவருகிறது என்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. பிற்பாடு கற்ற மொழி தயங்க வைக்கும். அதே மொழி வலியை மறைக்கவும் உதவும். நடந்த கொடுமையை ஆங்கிலத்தில் செய்தி வாசிப்பதுபோல் சொல்பவர், அம்மா அன்று சொன்ன வார்த்தையை ஸ்பானிஷில் சொல்ல வரும்போது தொண்டை அடைத்து நிற்பார்.

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் 4 கோடிக்கும் மேல். அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2015 ஆய்வில், ஸ்பானிஷில் சிகிச்சை தர முடியும் என்ற உளவியலாளர்கள் 5.5 சதவீதம் மட்டுமே. கலிஃபோர்னியாவில் குடும்ப தெரபிஸ்ட் உரிமம் வாங்க முதுநிலைப் பட்டம், மேற்பார்வையில் 3,000 மணி நேர வேலை, இரண்டு தேர்வுகள் வேண்டும். இந்தத் தேர்வுகளில் ஸ்பானிஷைச் சோதிக்கும் தேர்வு எதுவும் இல்லை. பாட்டியிடம் ஸ்பானிஷ் கற்றவர்கள், படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் முடித்துவிட்டு வருகிறார்கள். 'எல்லை வகுத்தல்', அதாவது உறவில் எதுவரை அனுமதிப்பது என்று கோடு போடுவது, என்பதை அந்தப் பாட்டிக்குப் புரிகிற மாதிரி ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்று வேலையில் சேர்ந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குவார்கள். சில இடங்களில் இரு மொழிக்குக் கூடுதல் சம்பளம் உண்டு. பல இடங்களில், வரவேற்பறையில் யாருக்காவது ஸ்பானிஷ் தேவைப்பட்டால் "ஒரு நிமிஷம் வரீங்களா?" என்ற அழைப்புதான் கூடுதல்.

[திரையில்: மாலை. காலி நாற்காலிகள், கணினி வெளிச்சம்.]

செஷன் முடிந்ததும் குறிப்பு எழுத வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்காக அது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கிளம்பும்போது அம்மா, "மே தா பெனா, லிசென்சியாதா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. 'லிசென்சியாதா' என்பது பட்டம் பெற்ற பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். தெரபிஸ்ட் 'கூச்சம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடிக்கிறார், அழிக்கிறார். 'துக்கம்' என்று அடிக்கிறார், அதையும் அழிக்கிறார். கடைசியில் மேற்கோள் குறிக்குள் 'பெனா' என்றே வைத்து, பக்கத்தில் சின்னதாக எழுதுகிறார்: அடுத்த வாரம் அவரிடமே கேட்க வேண்டும்.