கூட வந்தவருக்கும் ஒரு தெரு வேண்டும்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

2022 ஜூன் மாதம், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்ற கடிதம் என் மனைவிக்கு வந்தது. ஜூலை கடைசியில் சேர வேண்டும். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். வேலையை விட்டுவிட்டு நானும் உடன் போவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அந்த முடிவை எடுக்க எங்களுக்கு ஒரே இரவுதான் ஆனது. எங்கே குடியிருப்பது என்பதைச் சரியாக முடிவு செய்ய ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த ஒன்றரை ஆண்டில் நான் கற்றதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். கணவரோ மனைவியோ மேற்படிப்புக்குப் போக, துணையாக ஊர் மாறப் போகிற யாருக்காவது இது பயன்படட்டும்.

வீடு தேடப் புறப்பட்டவுடன் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஆடி மாதத்திலா குடி போகிறீர்கள்?" என்பதுதான். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஜூலை சேர்க்கை என்றால் ஆடி. ஜனவரி சேர்க்கை என்றால் மார்கழி. ஆய்வுப் படிப்பின் இரண்டு வாசல்களும் நம் வீடுகளில் பால் காய்ச்சத் தயங்குகிற இரண்டு மாதங்களில் திறக்கின்றன. இதற்குப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழியும் உண்டு: மாதம் பிறப்பதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் போய்ப் பாலைக் காய்ச்சிவிட்டு, சாமான்களைப் பிறகு கொண்டுபோகலாம். அதற்கு ஜூலை 15-க்குள் வீடு அமைய வேண்டும். அமையவில்லையா, கவலை வேண்டாம். ஆடியில் பல வீடுகள் காலியாகவே கிடக்கும். காலி வீட்டின் உரிமையாளரிடம் வாடகையைப் பற்றிப் பேச முடியும். தை பிறந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

நாங்கள் அவசரப்பட்டோம். கணினியில் வரைபடத்தைத் திறந்து, வளாகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் எங்கள் கைக்கு எட்டுகிற வாடகை எங்கே என்று பார்த்தோம். ஆய்வு உதவித்தொகை அப்போது மாதம் 31,000 ரூபாய். 2023 ஜனவரி முதல்தான் அது 37,000 ஆனது. என் வருமானம் பூஜ்யம். வேளச்சேரியில், வளாகத்தின் வேளச்சேரி வாயிலிலிருந்து பதினைந்து நிமிட நடையில், தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை வீடு 13,000 ரூபாய்க்குக் கிடைத்தது. தரகருக்கு ஒரு மாத வாடகை. மழை வெள்ளம் வீட்டுக்குள் வருமா என்று தரகரிடம் கேட்டேன். "அதெல்லாம் 2015 வெள்ளத்துடன் முடிந்துவிட்டது தம்பி" என்றார். நம்பினேன்.

வீட்டு உரிமையாளருடன் நடந்த பேச்சை மறக்க முடியாது. அவர் கெட்டவர் அல்லர். ஆனால் எங்கள் ஏற்பாடு அவருக்குப் புரியவே இல்லை. "பெண் படிக்கிறது சரி தம்பி. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வாடகை யார் கொடுப்பது?" என்றார். உதவித்தொகை ஆணையின் நகலைக் காட்டினேன். அது சம்பளமா, கடனா என்று கேட்டார். பொறுமையாக விளக்கினேன்: முதல் இரண்டு ஆண்டுக்கு இவ்வளவு, அடுத்த மூன்று ஆண்டுக்கு இவ்வளவு, மொத்தம் ஐந்து ஆண்டுக்கு வரும் என்றேன். ஐந்து ஆண்டு என்றவுடன் அவர் முகம் தெளிந்தது. அடிக்கடி ஆள் மாறாத குடித்தனக்காரரைத்தான் எந்த உரிமையாளரும் விரும்புகிறார். ஆகவே அந்த ஆணையைக் கையில் வைத்துக்கொண்டே வீடு பார்க்கப் போங்கள். முன்பணம் பற்றியும் தெரிந்துகொண்டு போங்கள். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். சட்டத்தின் பெயரைச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை. எங்களிடம் ஆறு மாதம் கேட்டார், நான் மூன்று என்றேன், நான்கில் முடிந்தது.

அந்த வீட்டில் நான் செய்த பெரிய பிழை தண்ணீர் அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன். நான் வீட்டை என் மனைவிக்காக மட்டுமே தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் பிழை.

படிக்க வந்தவருக்கு ஓர் உலகம் ஆயத்தமாக இருக்கிறது. ஆய்வகம், நூலகம், உணவகம், நெறியாளர், உடன் ஆய்வு செய்வோர், சாலையோரம் நின்று பார்க்கிற புள்ளிமான்கள்கூட இருக்கின்றன. அங்கே விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். ஒன்றுக்குத் தாமிரபரணி என்று பெயர். அந்தப் பலகையைப் பார்த்த அன்று மனைவி வீட்டுக்கு வந்து சொன்ன மகிழ்ச்சி எனக்கு நினைவிருக்கிறது. கூட வந்தவருக்கு என்ன இருக்கிறது? வீடும் அது இருக்கிற தெருவும்தான். எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கு எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மாலை ஏழு வரை ஒரு முகம் பார்க்க முடியாது. வீட்டுக்குள் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டும். பள்ளிகள் ஜூனிலேயே ஆசிரியர்களை எடுத்துவிட்டதால் எனக்கு அந்த ஆண்டு வேலை கிடைக்கவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். வெளியாட்கள் வந்துபோவதை உரிமையாளர் விரும்பவில்லை. குடி வருவதற்கு முன்பே அதை நான் கேட்டிருக்க வேண்டும். துணை என்ன வேலை செய்வார், அதை வீட்டிலிருந்து செய்ய அனுமதி உண்டா, அதற்கு வெளிச்சமும் இடமும் உண்டா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் பேசிவிடுங்கள். நான் அடங்கி உட்கார்ந்திருந்த அந்த மாதங்கள், மாலையில் களைத்து வருகிற மனைவிக்கும் பாரமாயின. "உங்களை இங்கே கொண்டுவந்து அடைத்துவிட்டேன்" என்று ஒரு நாள் அழுதார். அது அவருடைய குற்றமே இல்லை.

என்னை அந்த நாட்களில் தாங்கியது பறக்கும் ரயிலும் ஒரு நூலகமும். வேளச்சேரியில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் கோட்டூர்புரம். அங்கிருந்து சற்று நடந்தால் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். நம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே தனிப் பிரிவு உண்டு. எந்தக் கட்டணமும் இல்லை. என்னைப் போல வேலைக்குக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். அங்கே அறிமுகமான ஒருவர் வழியாகத்தான் முதல் மாணவன் கிடைத்தான்.

தண்ணீர் 2023 டிசம்பர் 4 அன்று வந்தது. மிக்ஜாம் புயல் மழை. அதிகாலையில் கழிவறை வழியாகத்தான் முதலில் ஏறியது. பிறகு வாசல் வழியாக வந்தது. முழங்காலைத் தொட்டது. ஆய்வுக் குறிப்பேடுகளைத் தலையில் சுமந்துகொண்டு மாடி வீட்டாரிடம் போனோம். அவர்கள் எங்களை நான்கு நாள் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்புநிலம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்புநிலம் சுருங்கிவிட்டது. நீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. தரகர் சொல்லால் அது மாறாது.

இப்போது எனக்குத் தெரியும், யாரிடம் கேட்க வேண்டும் என்று. தெருமுனையில் துணி தேய்க்கிறவரிடம் கேளுங்கள். பால் போடுகிறவரிடம் கேளுங்கள். மின்சார மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எல்லா வீட்டிலும் அது மார்பளவுக்கு மேல் ஏற்றப்பட்டிருந்தால் அந்தத் தெருவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சாலையை மேலே மேலே போட்டு, வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து போயிருந்தால், அந்த வீட்டுத் தரைத்தளம் வேண்டவே வேண்டாம்.

ஒரு தெருவைப் பகலில் பார்த்து முடிவு செய்வதும் போதாது. ஆய்வு மாணவர்களுக்குப் பெரிய கருவிகள் முறை வைத்துத்தான் கிடைக்கும். பல நாள் அந்த முறை இரவில் வரும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகள் 2021 மே மாதத்திலிருந்து இலவசம். எங்கள் செலவை அது நன்றாகவே குறைத்தது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அந்தப் பேருந்து உதவாது. பறக்கும் ரயில் நிலையங்களின் நீண்ட படிக்கட்டுகள் அந்த நேரத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன், இருவரும் சேர்ந்து இரவு பத்து மணிக்கு மேல் வளாகத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு முறை வந்து பாருங்கள். எந்த வாயில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று காவலரிடம் கேளுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, எந்தக் கடை திறந்திருக்கிறது, நாய்கள் எத்தனை என்று பாருங்கள். முதன்மை வாயிலுக்குள் நுழைந்த பிறகும், வளாகத்துக்குள் இருக்கிற கஜேந்திரா வட்டம் என்ற சாலைச் சந்திப்பு வரை காட்டுக்குள் நெடுந்தூரம் போக வேண்டும் என்பது வரைபடத்தில் வட்டம் போட்ட எனக்கு உறைக்கவில்லை. ஆக, வாயிலுக்கு எவ்வளவு தூரம் என்பதைவிட ஆய்வகக் கதவுக்கு எவ்வளவு நேரம் என்பதே கணக்கு.

வெள்ளத்துக்குப் பிறகு வேறு வீடு தேடினோம். இந்த முறை இருவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் எழுதினோம். அவர் தாளில்: இரவில் பயமில்லாமல் வரும் வழி, மேல் தளம், தூங்கும் அறைக்குள் சத்தம் வராமை. என் தாளில்: பகலில் ஆள் நடமாட்டம், பிள்ளைகள் வர அனுமதி, ஒரு சன்னல். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தபோது வளாகத்திலிருந்து சற்று விலகித்தான் போக வேண்டியிருந்தது. திருவான்மியூரில், மருந்தீசுவரர் கோயிலுக்குப் பின்புறத் தெருக்களில் ஒன்றில், இரண்டாம் தளத்தில் வீடு கிடைத்தது. வாடகை 17,000. அவருக்குத் தினமும் இருபது நிமிடம் கூடுதல் பயணம். "பரவாயில்லை, அந்த இருபது நிமிடத்தில் ஒரு கட்டுரை படித்துவிடுவேன்" என்றார். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று இந்த முறை கேட்டுக்கொண்டேன். பழைய வீட்டில் வாரியத்தின் கட்டணத்தைவிட அதிகமாக யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரிடம் கொடுத்துவந்தோம். அரசு தரும் 100 யூனிட் சலுகை எங்களுக்கு வந்து சேரவே இல்லை.

உரிமையாளர் அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். "கணக்கு வாத்தியாரா? என் பேரனுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்றார். கார்த்திகை முடிய மூன்றே நாள் இருந்தது. அம்மா பாளையங்கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வந்து, பால் காய்ச்சிவிட்டு, மறுநாளே திரும்பினார். சாமான்கள் மார்கழியில் வந்தன. வந்தவற்றில் பாதி தண்ணீரில் ஊறியவை.

இன்று மாலை ஐந்து மணிக்குக் கடற்காற்று மொட்டைமாடிக்கு வரும்போது பதினான்கு பிள்ளைகள் என்னிடம் கணக்குப் படிக்கிறார்கள். மனைவி ஏழரைக்கு வந்தால் மாடிப்படியில் சற்று நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் நெருங்குகிறது. அந்த அம்மாள் வாடகையில் ஆயிரம் ரூபாய் கூட்டக் கேட்டிருக்கிறார். கொடுக்கப் போகிறோம். ஆய்வு முடிய இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது.

நன்றி, வணக்கம்.