மாத்திரை ஆத்துக்கு எந்தக் கரையில இருக்கு?

[காட்சி: கடலூர் மாவட்ட மேப். ஊர்ப் பெயர்கள் மறைய, ஆறுகள் மட்டும் நீலமாகத் தெரிகின்றன.]

வெள்ளம் வந்தா மருந்து எங்க இருக்கணும்னு தெரியணுமா? ஊரையெல்லாம் விட்டுட்டு ஆத்தை மட்டும் பாருங்க. வடக்கே தென்பெண்ணை, அப்புறம் கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில கொள்ளிடம். கடலூர் டவுனையே கெடிலம் ரெண்டாப் பிரிக்குது. பெரியாஸ்பத்திரி மஞ்சக்குப்பத்துல, திருப்பாதிரிப்புலியூர் அக்கரையில. வெள்ளம் பாலத்தை மறிச்சா, எதிர்க்கரை ஆஸ்பத்திரியும் வெளியூர் மாதிரிதான்.

[காட்சி: புயல் பாதை, பிறகு சாத்தனூர் அணை.]

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு. புதுச்சேரியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல மழை. அப்பாடான்னு இருந்தப்போ, மேற்கே சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணை வழியா கடலூர் கரையோரத்துக்குள்ள புகுந்துடுச்சு. புயல் கிழக்கேருந்து, வெள்ளம் மேற்கேருந்து! அதனால மருந்து வண்டி கிளம்ப வேண்டியது மழை விட்ட பிறகு இல்ல, எச்சரிக்கை வந்த அன்னைக்கே. ஒவ்வொரு கரையிலயும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல, அதுவும் மேடான இடத்துல, சரக்கு இறங்கியிருக்கணும்.

சரக்குக்குப் பஞ்சமில்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி, மாவட்டக் கிடங்குல வைக்குது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக், எடுத்த மருந்துக்குத் தக்க கணக்கு. நல்ல ஏற்பாடு. ஆனா பாஸ்புக்ல இருக்கிற மாத்திரை ஆத்தைத் தாண்டாது.

[காட்சி: முகாம். ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். உள்ளே நனைஞ்சு கரைஞ்ச மாத்திரை அட்டை.]

வெள்ளம்னா காயத்துக்குக் கட்டுற துணியும் ஆம்புலன்ஸும்தான் நமக்கு ஞாபகம் வரும். வயித்துப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., தண்ணியில போட குளோரின் மாத்திரை, எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின், பாம்புக்கடி ஊசி, இதெல்லாம் வேணும்தான். ஆனா முகாம்ல முதல் நாளே கேக்கிறது பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை, இன்சுலின். வீட்ல இருந்தது தண்ணியோட போயிருக்கும்.

[காட்சி: நர்ஸ் ஒருத்தர் ஐஸ் பேக்கைக் காதுகிட்ட வெச்சு ஆட்டுகிறார்.]

தடுப்பூசி கதை வேற. 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். 2011 தானே புயல்ல கம்பம் சாய்ஞ்சு, பல கிராமத்துல நாள்கணக்கா கரண்ட் இல்ல. ஐ.எல்.ஆர்.னு சொல்ற தடுப்பூசிப் பெட்டி, சுவருக்குள்ள ஐஸ் இருக்கிறதால, ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கரண்ட் கிடைச்சாலே தாங்கும். மூடியைச் சும்மா சும்மா திறக்கக் கூடாது, அவ்வளவுதான். வெளியே எடுத்துட்டுப் போகும்போதுதான் சூட்சுமம். ஃப்ரீசர்லேருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே அடுக்கினா குழந்தைங்களுக்குப் போடுற பெண்டாவேலன்ட் தடுப்பூசி உறைஞ்சு கெட்டுப்போகும். முதல்ல ஐஸ் பேக் வெளியே இருந்து வேர்க்கணும். ஆட்டினா உள்ளே களக்னு தண்ணிச் சத்தம் கேக்கணும். அப்புறம்தான் அடுக்கணும்.

சரி, முகாம்ல யாருக்கு எந்த மாத்திரை? "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை"ம்பாங்க. ஊர்ல பாதி மாத்திரை வெள்ளைதான்! இங்கதான் 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் கை கொடுக்கும். வீடு வீடா மாத்திரை கொடுத்த லிஸ்ட் அந்தத் திட்டத்துக்காரங்ககிட்ட இருக்கு: யாருக்கு, எது, எத்தனை. அந்த லிஸ்ட் செல்போன்ல மட்டும் இருந்து சார்ஜ் தீர்ந்துட்டா? அதனால, புயல் எச்சரிக்கை வந்ததும் ரெண்டு பிரிண்ட். பிளாஸ்டிக் கவர்ல போட்டு இந்தக் கரையில ஒண்ணு, அந்தக் கரையில ஒண்ணு.