ரை பீரை நாக்கால் அறிதல்

நேயர்களுக்கு வணக்கம். ரை தானியம் சேர்த்துக் காய்ச்சிய கிராஃப்ட் பீரைக் கையில் எடுத்ததும் பலரும் தேடுவது காரத்தை. மிளகு வாசம் வந்தால் ரை இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரையை நான் முதலில் தேடுவது வாசத்தில் அல்ல, வழவழப்பில்.

காரணம் தானியத்திலேயே இருக்கிறது. ரையில் பீட்டா குளுக்கன், அராபினோசைலன் போன்ற பிசுபிசுப்பான நார்ச்சத்துகள் அதிகம். இவை தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் மாவுக்கரைசல் கஞ்சி போலக் கெட்டிப்படும். பார்லியைப் போல உமியும் கிடையாது. அதனால் வடிக்கும்போது அடைத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்கத்தான் நெல் உமியைக் கலக்கிறார்கள், 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் ஊறவும் விடுகிறார்கள். ஹாப்ஸ் பூவின் கசப்பு தூக்கலான ரை ஐபிஏ வகையில் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான் ரை. ஜெர்மனியின் ரை பீரான ரோகன்பியரில் பாதிக்கு மேல்கூடப் போகும்.

சுவைக்கும்போது பீர் 8 முதல் 12 டிகிரிக்குள் இருக்கட்டும். அதைவிடக் குளிர்ந்தால் வாசம் எழாது. வாய் குறுகிய டியூலிப் குவளையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். கலங்கலாக இருந்தால் உடனே குறை சொல்ல வேண்டாம். இந்த வகையில் அது சகஜம். நுரை அடங்குமுன் முகர்ந்துவிடுங்கள்.

பிறகு ஒரு சிறு மடக்கு. உடனே விழுங்காமல் நாக்கை மேலண்ணத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் தடவியது போன்ற மென்மை தெரிந்தால் அதுதான் ரை. விழுங்கிய பின் அரை நிமிடம் பொறுங்கள்: ரை ரொட்டியின் மேலோட்டு வாசமும் லேசான மண்வாசமும் அப்போதுதான் மேலே வரும்.

கிராம்பு வாசம் தூக்கலாக வந்து, கூடவே வாழைப்பழ வாசமும் இருந்தால் அது ஈஸ்ட்டின் வேலை. ரோகன்பியருக்குக் கோதுமை பீரின் ஈஸ்ட்டையே போடுவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். பிசின், எலுமிச்சை வகை வாசம் வந்தால் அது பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூ. கசப்போடு சேர்ந்து வரும் ஹாப்ஸின் உறைப்பை ரையின் கணக்கில் எழுதிவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

குறைகளையும் பிரித்தறிய வேண்டும். கன்னத்தின் உட்புறம் துவர்த்து இழுத்தால், தானியத்தைக் கழுவிய நீர் அளவுக்கு மீறிச் சூடாகவோ (அமிலத்துக்கு எதிரான) காரத்தன்மை மிகுந்தோ இருந்திருக்கலாம். ஈர அட்டை வாசம் என்றால் ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. வெண்ணெய் வாசம் பெரும்பாலும் நொதித்தல் முழுமையாக முடியுமுன் இறக்கியதால் வருவது.

நாக்கைச் சோதிக்க ஒரு நல்ல வழி: ரை உள்ளதும் இல்லாததுமாக, நிறமும் கசப்பும் ஒத்த இரண்டு பீர்களை எடுத்து, ஒன்றை இரண்டு குவளையிலும் மற்றதை ஒரு குவளையிலும் வேறொருவரை ஊற்றித்தரச் சொல்லுங்கள். எது தனி என்று வழவழப்பை மட்டும் வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று முக்கியம்: ரையிலும் குளூட்டன் என்னும் புரதம் உண்டு, அது ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் இதை ஒரு மடக்குகூட அருந்தக் கூடாது.